துருவைத் துடைத்தவன்

டெலிபோன் அலறியது.

அவன் உடனே எடுக்கவில்லை. கண்ணாடி முன் நின்று முகத்தைச் சரிபார்த்தான். உதடு துடிக்கிறது... நல்லது. கண் கலங்கியிருக்கிறது... வெங்காயத்துக்கு நன்றி!

நிஜமாகவே மனைவியைப் பறிகொடுத்தவன் கண்ணாடி பக்கமே போகமாட்டான். அது அவனுக்குத் தெரியாது.

எடுத்தான்.

"ஹ... ஹலோ... ஐயோ! சொல்லுங்க சார்... என் பெண்டாட்டிக்கு என்ன ஆச்சு?"

"ஏங்க, பெண்டாட்டிதான் பேசறேன்!"

அவனுக்கு மூச்சு நின்று வந்தது.

"நீ... நீயா?"

"பின்ன யாரை எதிர்பார்த்தீங்க? குரல் ஏன் இப்படி இருக்கு? ஜலதோஷமா?"

"ஆ... ஆமா. நீ பத்திரமாப் போய்ச் சேர்ந்தியா?"

"கல்யாணமான நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் இதைக் கேக்கறீங்க! கிளினிக் வந்து முதல் பல்லையும் பிடுங்கியாச்சு. அடுப்புல சின்னத் தீயில பால் வச்சுட்டு வந்தேன். அணைங்க!"

லைன் கட்டானது.

பால் பொங்கி வழிந்தது. அவனும்தான்!

அவள் பல் டாக்டர். மலை உச்சியில் இருந்த வீடு அவள் பெயரில். அடிவாரத்தில் இருந்த கிளினிக் அவள் பெயரில். அவனுக்கென்று இருந்தது அவள் மட்டும். அது போதவில்லை. கிளினிக்குக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருத்தி இருந்தாள். சிரித்தாள். அவ்வளவுதான்.

நேற்று சாயந்திரம் மனைவி குளிக்கப் போன நேரத்தில், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் அவளுடைய புது ஹைப்ரிட் காரின் நான்கு சக்கரங்களுக்குள்ளும் கையை விட்டான். பிரேக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டு... டிஸ்க். அதன் மேல் செம்மண் அப்பியது போலத் துரு. எண்ணெய்த் துணியால் அழுத்தித் தேய்த்தான். துரு போனது. எண்ணெய் தங்கியது. இனி பிரேக்கை மிதித்தால் வழுக்கும். பிடிக்காது!

மலைப்பாதை முழுக்க வளைவுகள். ஒன்றே போதும்.

போதவில்லையே... ஏன்?

கார் கம்பெனிக்கு போன் போட்டான்.

"வணக்கம் சார். உங்கள் உரையாடல் பதிவு செய்யப்படுகிறது" என்றாள் ஒரு பெண்.

"பண்ணிக்கோங்க. ஒரு டவுட்டும்மா. உங்க ஹைப்ரிட்ல பிரேக்கே வேலை செய்யலைன்னா வண்டி நிக்குமா?"

"சார்?!"

"சும்மா... பொது அறிவுக்கு!"

கீபோர்டு தட்டும் ஓசை. "இந்த நம்பர்ல ஏற்கெனவே ஒரு கம்ப்ளெயின்ட் இருக்கே சார். புது வண்டி டிஸ்க்ல துரு பிடிக்குதுன்னு மேடம் கேட்டிருக்காங்க. பயப்பட வேண்டாம்னு சொல்லியிருக்கோம்."

"ஏன் துரு பிடிக்குது?"

"மேடம் ரொம்ப மெதுவா ஓட்டறாங்க சார். லேசா பிரேக்கை மிதிச்சா, மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிச்சுடும். அந்த சக்தி பேட்டரிக்குப் போயிடும். டிஸ்க்குக்கு வேலையே இல்லை. வேலையில்லாம சும்மா இருந்தா துருப்பிடிக்கத்தானே செய்யும்?"

பல மாதங்களாக வேலையில்லாமல் சும்மா இருந்தவனுக்குச் சுருக்கென்றது.

"அப்ப டிஸ்க்குக்கு எப்பதாம்மா வேலை?"

"பேட்டரி ஃபுல்லா இருந்தா மோட்டார் அவ்வளவா பிடிக்காது சார். அப்ப டிஸ்க்தான் நிறுத்தணும்."

"ஃபுல் சார்ஜோட மலையிலேர்ந்து இறங்கினா...?"

"டிஸ்க் நல்லா இருக்கணும் சார்."

"நீ நல்லா இருக்கணும்மா!"

போனை வைத்துவிட்டு விசிலடித்தான்.

சாயந்திரம் கார் மெதுவாக மலையேறி வந்தது. மனைவி இறங்கினாள். மறுபக்கக் கதவும் திறந்தது.

அவன் அக்கா!

இன்ஸ்பெக்டர். சின்ன வயதில் அவன் காதை முறுக்கிப் பழகிய கை... இப்போது விலங்கு மாட்டிப் பிழைக்கிறது.

"என்னடா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கறே?"

"சொல்லாம கொள்ளாம வந்திருக்கியே அக்கா!"

"தம்பி வீட்டுக்கு வாரண்ட் வாங்கிட்டா வரணும்?"

"அண்ணி இன்னிக்கு இங்கதான் தங்கறாங்க" என்றாள் மனைவி. "காலைல என்கூடவே கீழ இறங்கிடுவாங்க."

அக்காவுமா? ஒரு கணம் யோசித்தான். காது வலித்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

சரி... அக்காவும்!

"நீ எப்பவும் கிளினிக்லதானே காருக்கு சார்ஜ் போடறே? இன்னிக்கு நான் இங்கயே போட்டு வைக்கறேன். நீ போய் ரெஸ்ட் எடு."

ஒயரை இழுத்தான். காரில் மாட்டினான். சுவரில் மாட்டினான்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை.

விடிந்தது.

"ஏங்க, நீங்களும் கிளம்புங்க" என்றாள் மனைவி.

"நானா? எனக்கு... வயித்து வலி!"

"வலின்னா டாக்டர்கிட்டதான்டா போகணும்" என்றாள் அக்கா.

"இவ பல் டாக்டர்க்கா!"

"வயித்துக்குப் போற வழி பல்லு வழியாத்தான். ஏறு!"

கழுத்தில் அந்தக் கை விழுந்தது. முன் சீட்டில் திணிக்கப்பட்டான். பின்னால் அக்கா உட்கார்ந்தாள். மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

கார் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"மெதுவா... மெதுவாப் போ!" என்றான்.

"எப்பவும் நத்தைன்னு கிண்டல் பண்ணுவீங்களே. இன்னிக்கு கொஞ்சம் வேகமாப் போறேன்!"

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள்.

முதல் வளைவு. டயர்கள் கிறீச்சிட்டன!

"வேண்டாம்! வேண்டாம்மா! அக்கா, நீயாவது சொல்லேன்!"

"எனக்கு வேகம் பிடிக்கும்டா."

அடுத்த வளைவு. அதைத் தாண்டினால் நேர் இறக்கம். அதன் முடிவில் இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர். அதற்கப்பால்... ஒன்றுமில்லை. வானம்!

"பிரேக்கைப் பிடிக்கட்டுமாங்க?" என்றாள் மனைவி சாவகாசமாக.

"பிடிச்சாலும் நிக்காதுடி!"

"ஏன் நிக்காது?"

"நான்தான்... நான்தான் எண்ணெய் தடவினேன்! உன்னைக் கொல்லத்தான் தடவினேன்! ஐயோ, நான் சாகப்போறேனே!"

மனைவி பெடலை மிதித்தாள்.

கார் முனகியது... தயங்கியது... சுவரை நெருங்கியது...

ஒரு சாண் மிச்சமிருக்கையில் நின்றது!

அவன் கண்ணைத் திறந்தான். உயிர் இருந்தது. பின்னால் அக்கா செல்போனை நீட்டிப் பிடித்திருந்தாள்.

"அழகாப் பேசினடா. ஒரு வார்த்தை விடாம ரெக்கார்ட் ஆயிடுச்சு."

"அ... அக்கா! நீ என் கூடப் பிறந்தவ!"

"அதனாலதான் இவ சொன்னதும் நம்பினேன்."

அவன் மனைவியைப் பார்த்தான். "உனக்கு எப்படி...?"

"துரு!" என்றாள். "பல்லுல கறை பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணு. தினமும் வண்டியை நிறுத்திட்டு டிஸ்க்கையும் பார்ப்பேன். நேத்து கிளினிக் வாசல்ல பார்த்தா, துருவைக் காணோம்! விரலை வச்சேன். எண்ணெய். குடிச்ச டம்ளரைக்கூடக் கழுவாத மனுஷன் என் கார் சக்கரத்தைத் துடைச்சிருக்கார்னா... அது பாசமாவா இருக்கும்?"

சிரித்தாள். ஆனால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த மனிதனுக்குத்தான் தினமும் பால் காய்ச்சினாள்.

"போகட்டும். அண்ணி, பிரேக்கைப் புதுசா மாத்தினதுக்கு ரொம்ப தேங்க்ஸ். அந்தத் தைரியத்துலதான் ஓட்டினேன்."

அக்கா செல்போனை இறக்கினாள்.

"யாரு... நானா மாத்தினேன்?" என்றாள் அக்கா.

"அண்ணி?! நேத்து சாவியை ரிசப்ஷன்ல கொடுத்து, ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேனே?"

"வந்தேன். குனிஞ்சு டிஸ்க்கைப் பார்த்தேன். எண்ணெய்ன்னா அழுக்கா இருக்கும்னு பார்த்தா, துரு ஒரு பொட்டு இல்லை. பளபளன்னு இருந்துச்சு. அதுக்குள்ள நீயே ஆளை வரவழைச்சுப் புதுசு போட்டுட்டேன்னு நினைச்சேன். சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டேன்!"

மனைவியின் முகம் வெளிறியது. சாவி திரும்பி வந்ததும் வேலை முடிந்தது என்று அவள் நினைத்திருந்தாள்.

"அப்ப... டிஸ்க்ல இன்னும் எண்ணெய்தானா?"

மூவரும் சுவருக்கு அப்பால் இருந்த வானத்தைப் பார்த்தார்கள்.

"பின்ன வண்டி எப்படி நின்னுச்சு?" அவன்தான் கேட்டான். உண்மையான ஆர்வத்துடன்.

மனைவி டாஷ்போர்டைப் பார்த்தாள். "பேட்டரி பாதிகூட இல்லை. மோட்டார்தான் இழுத்துப் பிடிச்சிருக்கு!"

"பாதியா? நைட்டெல்லாம் சார்ஜ்ல போட்டேனே! நானே பிளக்கை மாட்டினேனே!"

"சுவத்துல சுவிட்சைப் போட்டீங்களா?"

"சுவிட்சா...?"

"கொலையைக்கூட அரைகுறையாத்தான் பண்ணுவியாடா?" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மறு கையால் விலங்கை மாட்டினாள். "இறங்கு. எல்லாரும் இறங்குங்க. இனி இந்த வண்டியில ஒரு அடிகூட வேண்டாம். ஸ்டேஷனுக்கு நடந்தே போவோம்."

அவன் கீழே வளைந்து வளைந்து ஓடிய பாதையைப் பார்த்தான்.

"அவ்வளவு தூரமா? என்னால நடக்க முடியாதுக்கா!"

மனைவி கதவைச் சாத்திவிட்டு, சாவியை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"அப்ப நீங்க மட்டும் கார்ல வாங்க!"