கூலிக்காரனுக்கு ஒரு கார்!

டிரிங்... டிரிங்... டிரிங்...!

ஆஸ்பத்திரி வராந்தாவில் டெலிபோன் கத்தியது. நர்ஸ் தேவமணி ஓடி வந்து எடுத்தாள்.

"ஆஸ்பத்திரிதான? நாரணாபுரத்துல வெடிச்சிருச்சும்மா! ஒரு ஆளு காலி! வண்டியில ஏத்தியாச்சு!"

"எந்தக் கம்பெனி?"

"பெத்தணன் கம்பெனி!"

ரிஸீவரை வைத்தாள் தேவமணி.

பெத்தணன் கம்பெனியாம்! ஊரில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். லைசென்ஸ், பத்திரம் என்று காகிதத்தில் மட்டும்தான் பெத்தணன் முதலாளி. மாசச் சம்பளத்துக்குக் கைகட்டி நிற்கிற வேலையாள். ஆர்டர் பிடிப்பது, லாபத்தை மூட்டை கட்டுவது, கறுப்புக் காரில் பவனி வருவது... எல்லாம் ஜேசுதாசன்!

வரி ஆபீஸுக்குப் பயந்து வேலையாள் பேரில் கம்பெனி நடத்துகிற சாமர்த்தியசாலி.

தேவமணியின் புருஷன்.

கால் விளங்காத பெண் குழந்தையையும் அவளையும் அம்போவென்று விட்டுவிட்டு, விருதுநகரில் வேறு குடித்தனம் போட்ட மகராசன்!

வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சர் இறங்கியது. துணியை விலக்கினாள் தேவமணி.

"ஐயோ... பெத்தண அண்ணே!"

செத்தது பெத்தணனேதான்!

செத்தது ஒரு மனிதர் மட்டும் இல்லை. அவள் பிள்ளையின் காலும் சேர்ந்து செத்துவிட்டது!

விஷயம் இதுதான். 1962-ஆம் வருஷம் ஆரம்பத்தில் பிள்ளையின் ஜீவனாம்சத்துக்குக் கோர்ட்டுக்குப் போனாள் தேவமணி. ஜேசுதாசன் கிழிந்த சட்டையும் வெறுங்காலுமாக வந்து நின்றான். காரைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு வந்திருந்தான், படுபாவி! பைபிளைத் தொட்டுச் சத்தியம் வேறு.

"எசமான், நான் வெடிமருந்து கலக்குற கூலிங்க. நாளுக்கு ரெண்டு ரூபாங்க. காலையில ஷெட்டத் தொறக்குறதும் நான்தான், உள்ள நின்னு மருந்து கலக்குறதும் நான்தான். வேற ஒரு பய உள்ள வர மாட்டான். மொதலாளி பெத்தணன் அண்ணாச்சிங்க!"

பெத்தணனும் தலையாட்டினான். தலையாட்டுவதற்கும் சேர்த்துத்தானே சம்பளம்!

கோர்ட்டு இரண்டு பேர் வருமானத்தையும் எடுத்துக் கணக்குப் போட்டது. அப்பன் பக்கம் ரெண்டு ரூபாய்க் கூலி. அம்மா பக்கம்? சம்பளம், நைட் டியூட்டி படி, ஆஸ்பத்திரி சும்மா கொடுத்த ஓட்டை வீட்டுக்கு வாடகை மிச்சம் என்று ஒரு தொகை... ஒன்று விடாமல் கூட்டினார்கள்! உள்ளதைச் சொன்னவளுக்கு அதுதான் கூலி.

தீர்ப்பு: பிள்ளைக்கு மாசம் பத்து ரூபாய்!

பிள்ளை ஜெயக்கொடிக்கு ஆறு வயசு. இளம்பிள்ளை வாதம் இடது காலை இழுத்துவிட்டது. இந்த வருஷத்துக்குள் வேலூரில் ஆபரேஷன் செய்தால் நடப்பாள். தள்ளிப்போட்டால் ஆயுசுக்கும் ஊன்றுகட்டைதான். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். பத்து ரூபாயில் வேலூருக்கு ரயில் பார்க்கலாம். ஏற முடியாது.

போன வாரம் பெத்தணனே அவளைத் தேடி வந்தான்.

"தங்கச்சி, உம் பிள்ள ஸ்கூலுக்குத் தவந்துக்கிட்டுப் போறதப் பாத்தேன். அன்னையிலேருந்து சோறு எறங்கல. நீ மறுபடி மனுப் போட்டிருக்கியாமில்ல? திங்கக்கிழம நான் கோர்ட்டுக்கு வாரேன். உள்ளத உள்ளபடி சொல்லிப்புடுறேன்!"

திங்கட்கிழமை நாளை மறுநாள். பெத்தணன் இங்கே வெள்ளைத் துணிக்குக் கீழே!

"ஆக்ஸிடெண்ட்தான?" என்று கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இல்லம்மா."

பின்னால் இன்ஸ்பெக்டர் சோலைச்சாமி. சிவகாசியிலேயே பிறந்து வளர்ந்தவர். பிணத்தின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்ல செருப்பு கெடக்கு பாருங்க. அடியில ஆணி வேற. மருந்து ஷெட்டுக்குள்ள செருப்போட எவனாச்சும் போவானா? ஒரு பொறி போதுமே! இடுப்புச் சாவியக்கூட வெளிய வச்சிட்டுல்ல போவாக!"

டாக்டர் பிணத்தைத் திருப்பினார். பின்மண்டை பிளந்திருந்தது.

"அடிச்சுக் கொன்னுட்டு, தூக்கிட்டுப் போயி உள்ள போட்டு வெடிக்க விட்டிருக்கான்" என்றார் சோலைச்சாமி. "பொணத்தோட செருப்பக் கழட்ட மறந்துட்டான். தொழில்ல எறங்கி வேல பாத்தவன் இல்ல. மேஸ்திரி மாதிரி வெளிய நின்னு வெரட்டுனவன்!"

வாசலில் கறுப்புக் கார் வந்து நின்றது.

"ஐயோ பெத்தணா!" அலறிக்கொண்டே இறங்கினான் ஜேசுதாசன். மல் ஜிப்பா, விரலில் மோதிரம், கழுத்தில் சென்ட் வாசனை. "சீசன் அவசரம்னு நீயே மருந்து கலக்கப் போனியே! இப்பிடிக் கருகிப் போனியே!"

வராந்தா மூலையில் பெத்தணன் பெண்டாட்டி குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏலே! இங்கன வா!" என்றார் சோலைச்சாமி.

ஜேசுதாசன் திடுக்கிட்டான். அவனை ஏலே என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"யாரப் பாத்து ஏலேங்கிறீக?"

"உன்னத்தாம்லே! ரெண்டு ரூபா கூலிக்காரன வேற எப்பிடிக் கூப்பிடுவாக? கோர்ட்டுல சத்தியம் பண்ணிருக்கேல்ல? ஷெட்டத் தொறக்குறது நீ. கலக்குறது நீ. வேற ஒரு பய உள்ள வர மாட்டான். இன்னைக்கு உள்ள ஒருத்தன் மண்ட ஒடஞ்சு கெடந்தான். ஒடச்சது யாரு?"

"ம... மண்டையா? சார், நான் அங்கன இல்ல சார்! விருதுநகர்ல இருந்தேன்!"

"லீவு யாரு குடுத்தா?"

"லீவா? எனக்கா?"

தேவமணிக்குப் பளிச்சென்று பிடிபட்டது. அடப்பாவி... வசமாக மாட்டிக்கொண்டாயே! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பாவம் சார் அவரு! அன்னாடங்காச்சி! பிள்ளைக்குப் பத்து ரூபா குடுக்கவே முழி பிதுங்குது. ஒரு நா மருந்து கலக்கலன்னா அடுப்பு எரியாது. காலையில அங்கனதான் இருந்திருப்பாரு. நான் வேணும்னா கூண்டுல ஏறிச் சொல்றேன்!"

"ஏட்டி! வாய மூடுடி!"

"அவ ஏன் மூடணும்? கோர்ட்டு ஏத்துக்கிட்டதத்தான சொல்லுதா?" சோலைச்சாமி ஏட்டைப் பார்த்தார். "ஏட்டையா, வெலங்க எடுங்க. கூலிக்காரன் ஜேசுதாசன், மொதலாளி பெத்தணனக் கொன்னுட்டான். தூக்குதான்!"

ஜேசுதாசனின் சென்ட் வாசனையை வியர்வை அடித்துக்கொண்டு போனது.

"சார்... சார்! நான் கூலி இல்ல சார்!"

"பெறகு?"

"நான்தான் மொதலாளி!"

"சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காது மந்தம்."

"நான்தான் சார் மொதலாளி! பெத்தணன் சும்மா பேருக்கு! மருந்த நான் கையால தொட்டதே இல்ல. கலக்குறவன் செல்லப்பாண்டி. ஷெட்டு சாவி அவன்கிட்டதான்!"

"நம்புற மாதிரி இல்லையே. வருமானம் எம்புட்டு?"

"மாசம் ஆயிரத்தி ஐநூறு வருது சார்! சீசன்ல இன்னுங் கூட! கார் என்னோடது, விருதுநகர் வீடு என்னோடது... எல்லாம் எளுதிக்கிடுங்க!"

ஏட்டு எழுதினார். ஜேசுதாசன் கையெழுத்துப் போட்டான். டாக்டர் சாட்சி.

ஆயிரத்தி ஐநூறு! தேவமணி சுவரில் சாய்ந்துகொண்டாள். இத்தனை மாசமாகக் கோர்ட்டு வாசலில் கால் கடுக்க நின்று வாங்க முடியாத உண்மை, இதோ, அவன் வாயாலேயே! வேலூர். ஆபரேஷன். ஜெயக்கொடி எழுந்து நடப்பாள்! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"உக்காருங்க மொதலாளி" என்றார் சோலைச்சாமி, ரொம்ப மரியாதையாக. "இப்ப ஒரு சேதி கேளுங்க. வெடிச்ச கையோட செல்லப்பாண்டி ஸ்டேஷனுக்கு ஓடியாந்தான். 'நேத்துச் சாயங்காலம் மொதலாளி வந்து, நாளைக்கு வராத, சாவியக் குடுத்துட்டுப் போன்னு வாங்கிக்கிட்டாரு' அப்படின்னான். எந்த மொதலாளிடான்னு கேட்டா, நடுங்குறானே ஒழிய பேரச் சொல்ல மாட்டேங்கான். காகிதத்துல மொதலாளி பெத்தணன். அவரு செத்துட்டாரு. கேஸ் அங்கனயே நின்னு போச்சு."

ஜேசுதாசன் பாதி எழுந்தான்.

"இப்ப நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீகளே... நான்தான் மொதலாளின்னு!"

"இல்ல சார்! தப்பாச் சொல்லிட்டேன்! நான் கூலிதான்! ரெண்டு ரூபாதான்!"

"கூலின்னா ஷெட்டுக்குள்ள இருந்த. மொதலாளின்னா சாவிய வாங்குன. எது வேணும்னு நீயே சொல்லுலே!"

ஜேசுதாசன் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான்.

"திங்கக்கிழம கோர்ட்டுக்குப் போறேன்னான் சார்..." முணுமுணுத்தான். "கெஞ்சிப் பாத்தேன். காசு குடுத்தேன். கேக்க மாட்டேன்னுட்டான்..."

க்ளிக்! விலங்கு விழுந்தது.

தேவமணியின் சிரிப்பு உதட்டிலேயே செத்தது. இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சார்... எம் பிள்ளைக்கு?"

"ஒண்ணும் கவலப்படாதம்மா. இத நகல் எடுத்துத் தாரேன். கோர்ட்டுல காட்டு. வருமானம் ஆயிரத்தி ஐநூறுன்னு ஏத்துக்கிடுவாக."

"ஏத்துக்கிட்டு? குடுக்குறது யாரு? அவரு உள்ள போயிட்டா, கம்பெனி?"

மூலையில் அழுகை சட்டென்று நின்றது.

"கம்பெனி எங்க வீட்டுக்காரரு பேருலல்ல இருக்கு" என்றாள் குருவம்மாள். "காரும் அவரு பேருதான். விருதுநகர் வீடும் அவரு பேருதான். கோர்ட்டே அப்பிடித்தான எளுதிருக்கு?"

"மதினி! அண்ணன் உள்ளதச் சொல்றேன்னுதான வந்தாரு!"

"சொல்றேன்னாரு. அதுக்குத்தான செத்தாரு." குருவம்மாள் மூக்கைச் சிந்தினாள். "எனக்கும் மூணு பிள்ளைக இருக்கு தாயி. அதுகளுக்கு அப்பன் இல்ல. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

தேவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தாள். குருவம்மாள் இடத்தில் இருந்தால் தானும் இதைத்தான் சொல்லியிருக்கக்கூடும் என்று தோன்றியது. அந்த நினைப்புதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கசந்தது.

கையில் இருந்தபோது வருமானமே இல்லை என்று கணக்கு. எல்லாம் போன பிறகு ஆயிரத்தி ஐநூறு என்று கணக்கு. இந்தக் கணக்கை எந்த மகாபிரபு கண்டுபிடித்தானோ!

ஜேசுதாசனை ஜீப்பில் ஏற்றினார்கள். தேவமணி வாசல் வரைக்கும் ஓடினாள்.

"சார்! ஒரு நிமிஷம்!"

சோலைச்சாமி திரும்பினார். "என்னம்மா?"

"ஜெயில்ல வேல பாத்தா கூலி உண்டா சார்?"

"அணாக் கணக்குல ஏதோ குடுப்பாக. எதுக்குக் கேக்குற?"

"போதும் சார்... அந்தக் கூலியாச்சும் இவரு சொந்தப் பேருல வரும்ல!"