பின்னறையில் மட்டும் குளிர்

ஹீட்டரில் கை வைத்தால் சுட்டது. இரண்டடி தள்ளி நின்றாலோ வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக வந்தது. மெக்கானிக் மறுபடியும் ஹீட்டரைத் தொட்டு, விரலை உதறிக்கொண்டு, "இது என்ன சார் கூத்து!" என்றார்.

பத்து நாளாக இதே கூத்துதான். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியாயிற்று, கதவுக்கடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தாயிற்று, ஹீட்டருக்கு வெந்நீர் வரும் குழாயில் அடைத்திருந்த காற்றையும் இறக்கியாயிற்று. கூடம் வெதுவெதுவென்று இருந்தது, சமையலறையில் வியர்த்தது. இந்தப் பின்னறை மட்டும் மசியவில்லை.

இன்றிலிருந்து மகள் இங்கேதான் படுக்க வேண்டும். மனைவி தீர்மானித்துவிட்டாள்.

"ஆறு வயசாச்சு, இன்னும் எத்தனை நாள் நம்ம நடுவுல படுப்பா? உங்க அக்கா போயி மூணு மாசம் ஆச்சு. ரூமைப் பூட்டி வச்சு மியூசியமா நடத்தப் போறீங்க?"

வேண்டாம் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். ஏன் என்று கேட்பாளே. மூடிக்கொண்டான்.

அக்கா அவனைத் தூக்கி வளர்த்தவள். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் இந்தக் கட்டிலில் கிடந்தாள். அவள் போன அன்று இரவு மனைவியும் மகளும் ஊரில் இல்லை. அக்கா படுக்கையை நனைத்துவிட்டிருந்தாள். நாற்றம் போகட்டுமென்று ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, ஈரப் போர்வையை உருவிக்கொண்டு, வேறு போர்வை எடுக்க வந்தவன் கூடத்து சோபாவில் ஒரு நிமிடம் உட்கார்ந்தான். அவள் "குளிருதுடா" என்று குழறியது கேட்கத்தான் செய்தது. எந்நேரமும் இதே பாட்டு என்று டிவி சத்தத்தைக் கூட்டினான். அப்படியே தூங்கிப்போனான்.

விடிந்ததும் முதலில் ஜன்னலைச் சாத்தினான். அப்புறம்தான் டாக்டருக்குப் போன் செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னான். கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவனும் தலையாட்டினான், பாவி.

மெக்கானிக் சூடு பார்க்கும் மீட்டரை எடுத்துச் சுவரை நோக்கிப் பிடித்தார். நாலு டிகிரி. தரையிலும் நாலு. கட்டில் பக்கம் திருப்பியவர் நெற்றியைச் சுருக்கினார்.

"மெத்தைல முப்பத்தாறு காட்டுது. இப்ப யாராச்சும் படுத்திருந்தாங்களா?"

"இல்லையே."

மெத்தையில் கை வைத்தார். சட்டென்று எடுத்தார். கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, கருவிகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டார்.

"நீங்க வேற ஆளைப் பாருங்க சார்."

அவர் போன கையோடு மகள் பள்ளியிலிருந்து வந்தாள். பையைக் கூடத்தில் வீசிவிட்டு, "என் ரூமு!" என்று ஓடினாள். தடுக்கப் போனவனின் கையில் போன் அடித்தது. மனைவி.

"சரியாயிடுச்சா?"

இப்போதாவது சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"ம்... ஆச்சு."

"அப்பாடா! திரை வாங்கணும். பூப்போட்டது வாங்கவா, கோடு போட்டதா?"

"அப்பா, குளிருது!" மகள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"தோ வரேன்டா கண்ணு." அவன் கால் அந்தப் பக்கம் எழவில்லை. அந்த மெத்தையைப் பார்க்கத் தைரியமில்லை. பூப்போட்டது என்றான். என்ன நிறம் என்றாள் மனைவி. பேச்சு நீளட்டும் என்றிருந்தது அவனுக்கு.

"அப்பா, அத்தை தள்ளிப் படுத்து எனக்கு இடம் விட்டாங்க."

அதற்கப்புறம் சத்தமில்லை.

எவ்வளவு நேரம் நின்றான்? தெரியவில்லை. நடந்தான். கதவு. தள்ளினான்.

ஒட்டிய டேப் கிழிந்து தொங்கியது. ஜன்னல் அகலத் திறந்திருந்தது.

மகள் கட்டில் ஓரத்தில் படுத்திருந்தாள். போர்வையின் மறுபாதி மேடாக இருந்தது. ஏறியது. இறங்கியது. அதன் தலைமாட்டிலிருந்து மூச்சு வெள்ளையாக, நிதானமாக எழுந்துகொண்டிருந்தது.

மகளின் திறந்த வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

"என்னங்க, சத்தத்தையே காணோம்," என்றாள் மனைவி போனில். "புது ரூமு பிடிச்சிருக்காமா அவளுக்கு?"