காற்றில்லாத கண்ணாடிக்குள்

ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கோயில் போகும் கூட்டத்தில் பேருந்து ஊர்ந்ததால், யோகலட்சுமி கே.ஜி.கண்டிகை வந்து சேர மதியமாகிவிட்டது. மூடிப்போன மருத்துவமனை ஒன்றின் எக்ஸ்ரே அறைதான் அவளுடைய ஆய்வுக்கூடம். தடித்த சுவர்கள், ஜன்னலே இல்லை. பழைய டெட்டால் வாடை மட்டும் இன்னும் போகவில்லை.

நடுவில் ஒரு சிறிய கண்ணாடிக் குடுவை. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த அதற்குள் ருபீடியம் அணுக்களை லேசரால் குளிர வைத்து, ஒளியாலேயே ஆன இரண்டு தகடுகளுக்கு நடுவே காகிதத்தைவிட மெல்லியதாக நசுக்கி, அந்தப் படலத்தின் நிழலைப் படம் பிடிக்க வேண்டும். வட்டமாக விழ வேண்டிய நிழல், மாதக்கணக்கில் கிழிந்தே விழுந்தது. கருவிகளை இரவல் கொடுத்தவர்கள் நாளை திருப்பி எடுத்துப் போகிறார்கள்.

படம் திரையில் வந்தது. அதே கிழிசல்.

"மலைமேல பம்பை அடிச்சிகினு இருக்காங்க மேடம். அந்த அதிர்வா இருக்கும்," என்றார் லேசர்களைக் கவனித்துக்கொள்ளும் பூபாலன்.

பம்பை ஓய்ந்தது. ஏ.சி.யை அணைத்தாள். கதவிடுக்கில் துணி திணித்தாள். மறுபடி எடுத்தாள்.

கிழிசல்.

"உள்ள யாருதான் உக்காந்துகினு கலைக்கிறீங்க?" குடுவையைப் பார்த்துக் கத்தினாள்.

"அப்படியெல்லாம் கேக்காதீங்க மேடம்," பூபாலன் கிசுகிசுத்தார்.

கேமராவில் கோளாறா என்று பார்க்க, அணுக்களை உள்ளே விடாமல் வெற்றுக் குடுவையைப் படம் எடுத்தாள். வெறும் வெளிச்சம்தான் வர வேண்டும்.

நிழல் வந்தது.

உள்ளிருந்து கண்ணாடியில் அழுந்திய ஒரு கை. பச்சைக் குழந்தையின் கை.

"பழைய படமா இருக்கும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு இன்னொன்று எடுத்தாள். இப்போது விரல்கள் மடங்கியிருந்தன.

பூபாலன் மெயினை இறக்கிவிட்டார். இருட்டில், வெற்றிடத்தின் அளவைக் காட்டும் கருவி மட்டும் பேட்டரியில் எரிந்தது. எண் மாறவில்லை. உள்ளே காற்று இல்லை.

செல்போன் விளக்கை அடித்தாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துப்பட்டாவால் துடைத்தாள், போகவில்லை. அது உட்பக்கம்.

மெல்ல மறைந்தது.

மீண்டும் படர்ந்தது.

"வாங்க, போயிடலாம்," என்று பூபாலன் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

மறுநாள் காலை அவள் வாசலோடு நின்றுகொண்டாள். லாரியில் வந்தவர் குடுவையைப் பெட்டியில் வைக்கத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

"இன்னாங்க மேடம் இது, வெதுவெதுன்னு இருக்குது? உள்ள உசுரு ஏதாச்சும் இருக்குதா?"