பிஸ்கட் டின்னில் கிடந்த கடிகாரம்

1983. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்துப் புகைவீட்டை ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். அதற்குள், மின்தேக்கி அலமாரியின் முன்னால், கருகிய விரல்களோடு குப்புறச் செத்துக் கிடந்தான், அங்கே வேலை பார்த்த தோட்டத்து ஆள் பத்துமலை. பக்கத்தில் ஒரு பை நிறையச் செம்புக் கம்பி.

"திருட வந்திருக்கான், மின்சாரம் அடிச்சிருச்சு," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் பழனியப்பன். "இன்னைக்கு லீவுலா, வேலையே கிடையாது. நானே கல்யாணம் முடிஞ்சு நேரா லூமுட் கடற்கரைக்குப் போயிட்டு இப்பதான் வாரேன்."

இன்ஸ்பெக்டர் அர்ச்சுனனும் காலையில் அதே கல்யாணத்தில்தான் இருந்தார். டாக்டரின் கடிகாரத்தில் மணி கேட்டுத்தான் ஐயர் தாலி எடுத்துக் கொடுத்தார். அர்ச்சுனன் தன் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். நிமிஷம் பிசகவில்லை.

வாசலில் பத்துமலையின் மனைவி செல்லாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் புருசன் ஒரு ஆணிகூட எடுத்ததில்ல ஐயா! திருடன்னு எழுதிடாதீங்க. எம்புள்ளைங்க எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பள்ளிக்கூடம் போவும்?"

அர்ச்சுனன் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். தோட்டத்து ஆள் செத்தால் போதும், உடனே திருடன்! என்ன வாய் இது!

"இங்க என்னதான் செய்றீங்க டாக்டர்?"

"மின்தேக்கியில மின்சாரத்தச் சேத்து, ஒரே அடியா இந்தக் கம்பிச் சுருளுக்குள்ள விடுவோம். கண் சிமிட்டுற நேரத்துக்குப் பயங்கரமான காந்தம் உண்டாகும். உள்ள வச்ச உலோகம் அப்ப எப்படி மாறுதுன்னு அளப்போம்."

"சுருளச் சுத்திப் புகையுதே?"

"திரவ நைட்ரஜன். சுருளக் குளுமையா வைக்க. நேத்து ஊத்துனது."

"மூடாத குடுவையில, நேத்துலேர்ந்தா? இந்நேரம் ஆவியாப் போயிருக்கணுமே?"

டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். அர்ச்சுனன் வாசலோரம் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே பத்துமலையின் பேர் கீறிய கடிகாரம்.

"காந்தம் அடிக்கிறப்ப உள்ள கடிகாரம் கூடாது, கெட்டுப்போவும். எல்லாரும் கழட்டி இதுல போடணும். அது எங்க சட்டம்," என்றார் டாக்டர்.

"திருட வந்தவனும் சட்டப்படி கழட்டிப் போட்டானாக்கும்?"

"பழக்கதோஷம்லா."

"சரி, இப்ப மணி என்ன?"

டாக்டர் கையைப் பார்த்தார். "ரெண்டரை."

அர்ச்சுனனின் கடிகாரத்தில் இரண்டு பத்து.

"காலையில சரியா ஓடுன கடிகாரம்! காந்தம் பட்டா உள்ள இருக்கிற மெல்லிசான ஸ்பிரிங்கோட சுத்துங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், முள்ளு வேகமா ஓடும். கல்யாணத்துக்கு அப்புறம் இங்க காந்தம் அடிச்சிருக்கு. நீங்க லூமுட் போகல, பக்கத்துலயே நின்னிருக்கீங்க. வந்த அவசரத்துல உங்க சட்டத்த நீங்களே மறந்துட்டீங்க. பத்துமலை மறக்கல."

டாக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நாளைக்கு இந்தச் சோதனையப் பாக்க ஜப்பான்காரங்க வாராங்க... மொத தடவ நல்லா அடிச்சுச்சு. ரெண்டாவது தடவ சுவிட்சு வேல செய்யல, மின்சாரம் மின்தேக்கியிலயே தங்கிடுச்சு. எர்த் கம்பிய மாட்டி அத மண்ணுக்கு எறக்கணும்னு பத்துமலை சொன்னான். நேரமில்ல, கைய விட்டுப் பாருடான்னு நான்தான் கத்துனேன்."

"செத்ததுக்கு அப்புறம் பையில கம்பிய அடைச்சு வச்சதும் நீதானே?" அர்ச்சுனன் குரல் உயர்ந்தது. "கொன்னது பத்தாதுன்னு திருட்டுப் பட்டம் வேறயா? நீயெல்லாம் மனுசனா? எந்திரி! வாசல்ல நிக்கிற அக்காகிட்ட உன் வாயாலயே சொல்லு."

டாக்டர் தலை குனிந்தபடியே நடந்ததைச் சொன்னார். செல்லாயி அழுகையை நிறுத்தினாள்.

"அந்த எர்த் கம்பிய மாட்ட எவ்வளவு நேரம் ஆவும்?"

"ஒரு... ஒரு நிமிஷம்."

அவள் டின்னிலிருந்த புருஷனின் கடிகாரத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தலையத் தூக்குடா பாவி. ஒரு நிமிசம் எம்புட்டுன்னு பாரு."

விநாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அதுவரை அர்ச்சுனன் விலங்கை எடுக்கவில்லை.