உடும்புத் தொட்டி

மச்சான் வீட்டுக்கு அவன் போனபோது தொட்டி வாசலிலேயே கிடந்தது, குப்பை வண்டிக்குக் காத்திருப்பதுபோல.

“உடும்பு வளர்த்தேன் மாப்பிள்ளை. செத்துப்போச்சு. நீயே தூக்கிட்டுப் போ.”

“எப்படிச் செத்துச்சு?”

“வெளியூர் போனேன். ரெண்டு நாள்ல திரும்பலாம்னு பார்த்தேன், இழுத்துருச்சு. பூட்டின வீட்ல யாரு தீனி போடுவா? சனியன், தொட்டிக் கதவுக் கண்ணாடி பூரா கீறி வச்சிருக்கு பாரு.”

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்த தங்கை, அவன் மனைவி, ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இந்த ஆள் இப்படித்தான். ‘இதோ கிளம்பிட்டேன்’ என்று போனிலேயே காலம் கடத்தினான். அவள் அறைக்கதவைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியைத் தூக்கினான். வேறு வழியில்லை. மனைவி வளர்த்த இரண்டு கடல் மீன்கள், பழைய தொட்டி விரிசல் விட்டதால், வாளியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. அவள் விட்டுப்போனதில் உயிருள்ளவை அவை மட்டும்தான்.

உடும்புக்குச் செய்த தொட்டி தண்ணீரின் பாரம் தாங்காது. நகரும் கதவுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தடித்த ஒற்றைக் கண்ணாடியை சிலிக்கோன் பசை வைத்து ஒட்டிக் காயவிட்டான். வினிகர் ஊற்றிக் கழுவினான். வெறும் தண்ணீர் நிரப்பிக் கசிவில்லை என்று உறுதியான பிறகுதான் மணல், உப்புநீர், மீன்கள்.

மறுநாள் வேலை விட்டு வந்து கதவைத் திறந்ததும் அந்த வாடை. வெயிலில் காய்ந்த தோலின் வாடை.

க்றீச்.

தொட்டிக்குள்ளிருந்து.

மீன்கள் பின்மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. புதுக் கண்ணாடியில் நீளநீளமாகக் கீறல்கள். விரலால் தேய்த்தான். வழவழவென்றிருந்தது.

கீறல் உள்பக்கம்.

“என்ன எழவைடா என் தலையில கட்டின? வந்து பாரு!” என்று போனில் கத்தினான். மச்சான் வந்தே விட்டான்.

“அவளுக்கு வரல. மீனுக்கு வந்துட்ட.”

“ஆரம்பிச்சிட்டியா? போனவளையும் விடல, அவ மீனையும் விடல. உனக்கு உடும்புப்பிடிதான் மாப்பிள்ளை.” சிரித்தபடியே சட்டைக் கையை மடக்கி, கீறலைத் தடவிப் பார்க்க மேலிருந்து தண்ணீருக்குள் கைவிட்டான்.

சிரிப்பு நின்றது.

“மாப்பிள்ளை... கை வரல.”

தண்ணீரில் எதுவும் இல்லை. மணிக்கட்டில் மட்டும் சதை குழிந்தது. இன்னும் குழிந்தது.

“கண்ணாடிய உடைடா!”

சுத்தியலைக் கையில் எடுத்தான். உடைத்தால் மச்சானின் கை வெளியே வரும். மீன்கள் தரையில் துடிக்கும்.

சுத்தியலைக் கீழே வைத்தான்.

“டேய்! செத்துருவேன்டா!”

“கூப்பிட்டுட்டே இரு. யாராவது வருவாங்க.”

பிறகு தொட்டியிடம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னான்:

“விடாத.”

ஜன்னலில் வெளிச்சம் மங்கிய பிறகு அதுவாகவே விட்டது. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பைக்கூட மறந்து மச்சான் ஓடினான்.

தண்ணீர் தெளிந்தது. தீனியைத் தூவினான். மீன்கள் மூலையை விட்டு வந்து, நிதானமாகத் தின்றன.

அவற்றுக்குக் கீழே மணலில், இரண்டு வரிசை நகத்தடங்களுக்கு நடுவே, வால் இழுபட்டதுபோல் ஒரு கோடு.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னொரு சாண் நீண்டது.