மாதிரிக் கடிதம் நான்கு

காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்குத் தமயந்தி தன் கடிதத்தைச் சுவரில் பார்த்தாள்.

பார்வையாளர் கூடத்தின் பெரிய திரை. தலைப்பில் 'மாதிரிக் கடிதம் 4' என்றிருந்தது. கீழே, தங்கையைப் பற்றிப் போன வாரம் அம்மாவுக்கு அவள் எழுதிய வரிகள். சுகந்தி வால்பாறையில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூன்றாவது வீடு. அவள் புருஷன் வந்து அடித்துக் கேட்டாலும் வாயைத் திறக்காதே.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அது ஒளிவலையில் போன கடிதம். வழியில் யார் எட்டிப் பார்த்தாலும் ஒளித்துகள் கலையும், மணி அடிக்கும். அதை நம்பித்தான் கோவையே தன் ரகசியங்களை அதில் அனுப்பியது. அந்த மணிக்குக் காவல் தமயந்தி. மணி அடிக்கவேயில்லை.

"நல்லாருக்கில்ல?" நிலையத் தலைவர் அருளப்பன் பின்னால் வந்து நின்றார். "நிழல்வலையில இருந்து நேத்துதான் எடுத்துப் போட்டேன். நீங்க எழுதுற ஒத்திகைக் கடிதமெல்லாம் சப்புனு இருக்கும். இப்பத்தான் உசிரு வந்திருக்கு. யாரும்மா எழுதுனது?"

நிழல்வலை, ஒளிவலையின் கணினி நகல். பழுது பார்க்குமுன் அதில்தான் ஒத்திகை. அதற்குள் ஒளி கிடையாது, ஒளியின் கணக்கு மட்டும். கணக்கை யார் எட்டிப் பார்த்தாலும் எதுவும் கலைவதில்லை.

தமயந்தி ஒளியறைக்கு ஓடினாள். ஆயுத பூஜையன்று எந்திரங்களுக்கு ஓய்வு. அந்த ஒரு நாள் மட்டும் ஊர்க் கடிதங்களை நிழல்வலை சுமந்தது. மறுநாள் காலை விசையை ஒளிவலைக்குத் திருப்பியது அவள்தான்.

குனிந்து பார்த்தாள். ஒளிவாங்கியின் கண்ணாடியில், நட்டநடுவில், காய்ந்த சந்தனம். மேலே குங்குமம். அவள் வைத்த பொட்டு.

குருடான ஒளிவலை பதில் தராததால் கணினி தானே நிழலுக்குத் திரும்பியிருந்தது. பன்னிரண்டு நாள். எல்லாக் கடிதமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததால் ஒருவரும் புகார் சொல்லவில்லை.

திரும்பி வந்து திரையை அணைத்தாள்.

"ஏனுங் மேடம், அணைச்சுப்போட்டீங்க?" என்றார் காவலாளி காத்தமுத்து. "நேத்து சாயந்திரம் உங்களைப் பாக்கோணும்னு ஒருத்தர் வந்தாருங்க. நீங்க கெளம்பிட்டீங்கன்னேன். இது முன்னாடியே ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தாரு. அப்புறம் வால்பாறைக்கு மொத பஸ்ஸு எப்பன்னு கேட்டாருங்க. உங்களுக்குச் சொந்தமுங்களா?"