அம்பில்லாத வில்

அண்ணன் செத்துப்போய் ஒரு மாதமாகியும் அவனுடைய வில்லை யாரும் தொடவில்லை. பையோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அண்ணனும் அப்பாவும் ஒரே கிடங்கில் மூட்டை தூக்கினார்கள். அங்கேதான் சாக்கு அடுக்கு சரிந்து அண்ணன் மேல் விழுந்தது. மறுவாரமே அப்பா அதே கிடங்குக்கு வேலைக்குப் போனார். அழவில்லை. வந்தார், சாப்பிட்டார், படுத்தார்.

அண்ணன் உயிரோடு இருந்தபோது, விடுமுறை நாட்களில் வில் பழக மைதானத்துக்குப் போவான். தங்கை குட்டியையும் கூட்டிக்கொண்டு போவான். அப்பா மட்டும் ஒருநாளும் போனதில்லை. "உடம்புல அவ்வளவு பலம் மிச்சமிருந்தா இன்னும் ரெண்டு மூட்டை தூக்குடா" என்பார்.

ஒரு ஞாயிறு மதியம் குட்டி பின்வாசலில் செருப்பு கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

அப்பா வில்லைக் கையில் வைத்திருந்தார். அது காம்பவுண்ட் வில். இரண்டு முனையிலும் சக்கரம், குறுக்கும் நெடுக்குமாகக் கயிறுகள்.

"என்ன இது, சைக்கிளைப் பிரிச்சுப் போட்ட மாதிரி?"

"அப்பா, அதைத் தொடாதீங்க."

"ஏன், கடிக்குமா?"

சுவரைப் பார்த்து நின்று நாணைப் பிடித்து இழுத்தார். மூட்டை தூக்கும் கை. சக்கரங்கள் சுழன்றன. பாதிக்கு மேல் இழுத்ததும் அவர் முகம் மாறியது.

"அட! கனம் எங்க போச்சு?"

நாணில் அம்பு இல்லை. குட்டி கத்த வாயெடுத்தாள். கத்தினால் அப்பா திடுக்கிட்டு விட்டுவிடுவார். கத்தலை விழுங்கிக்கொண்டு, மெல்ல அவர் முதுகுப் பக்கம் போய் நின்றாள்.

"அப்பா, விரலை எடுக்காதீங்க. அப்படியே நில்லுங்க."

"சும்மா விட்டுப் பாக்கறேன். அம்புதான் இல்லையே, யார் மேல படப் போகுது?"

"உங்க மேலதான்பா. அம்பு இருந்தா வேகத்தை அது எடுத்துட்டுப் போயிடும். இல்லன்னா வில்லுதான் வாங்கிக்கணும். அதால முடியாது. உடைஞ்சு மூஞ்சியில அடிக்கும்."

அப்பா நாணை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"இப்ப என்ன பண்ண?"

"மெதுவா முன்னால விடுங்க. சக்கரம் தாங்கிட்டிருக்கற கனமெல்லாம் சட்டுனு திரும்பி வரும், கையை இழுக்கும். மூட்டையை இறக்கற மாதிரி இறக்குங்க. போட்றாதீங்க."

கனம் வந்தது. தோள் வெடுக்கென்று முன்னால் போனது. அப்பா பல்லைக் கடித்தார்.

"அவ்வளவுதான்பா, இன்னும் கொஞ்சம்..."

நாண் பழைய இடத்தில் போய் நின்றது. அப்பா வில்லைக் கட்டிலில் வைத்தார். சட்டை முழுக்க வியர்வை.

"என் கைக்கு அளவெடுத்து வெச்ச மாதிரி இருந்துச்சு" என்றார்.

சொல்லலாமா வேண்டாமா என்று குட்டி யோசித்தாள். பிறகு சொன்னாள்.

"அளவெடுத்து வெச்சதுதான்பா. அண்ணன் கைக்கு. ஒருத்தருக்கு வெச்சா இன்னொருத்தருக்குச் சரியா வராது. உங்களுக்கு வந்திருக்கு."

அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்தார். அழுது பழக்கமில்லாதவர், இருமுவது போல அழுதார். அழாதீங்க என்று குட்டி சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

வெகுநேரம் கழித்து அப்பா மூக்கைத் துடைத்தார்.

"உனக்கு இந்த வில் வராதா?"

"ரொம்பக் கனம்பா. மைதானத்துல சின்ன வில் இருக்கு. அண்ணன் இல்லாம போகப் பிடிக்கல."

"நான் வந்தா போவியா?"

குட்டி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அங்க அம்பு விடற கோட்டுக்குப் பின்னாலதான் நிக்கணும். விசில் அடிக்கற வரைக்கும் தாண்டக் கூடாது."

"சரிங்க மேஸ்திரி."

குட்டி பையை விரித்துப் பிடித்தாள். தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பது போல, அப்பா இரண்டு கையாலும் வில்லை உள்ளே வைத்தார்.